ஏற்றத்தில் கழன்ற செயின்

ஜூன் 1, ஞாயிறு

இவர் காலையில் மருதமலைப் பக்கம் சைக்கிளில் போய், முட்டியில் ரத்தத்தோடு திரும்பி வந்தார். முதல் ஏற்றத்திலேயே செயின் கழன்றுவிட்டதாம். மிதித்த கால் வெறுமனே சுற்றி, வலது பக்கமாகச் சாய்ந்து தார்ச் சாலையில் விழுந்திருக்கிறார். பின்னால் ஒரு பேருந்து. ஓட்டுநர் தூங்காமல் இருந்ததால் பிரேக்கை மிதித்தார்.

"ஒரு முழந்தான் வாணி. டயருக்கும் எனக்கும் நடுவுல ஒரு முழந்தான் இருந்துச்சு," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மருந்து போடும்போது சிரிக்கவில்லை.

நான் பாலிடெக்னிக் பணிமனையில் பையன்களுக்கு ஃபிட்டிங்கும் லேத்தும் சொல்லித் தருகிறவள். என் வீட்டு இயந்திரம் ஒன்று என் வீட்டுக்காரரையே கீழே தள்ளியது எனக்கு மரியாதையாகப் படவில்லை. கல்லூரியில் வருடா வருடம் கொடுக்கும் டைரி இந்த முறையும் வெள்ளையாகவே கிடந்தது. சைக்கிள் பழுது முடியும்வரை இதில் எழுதி வைக்கிறேன்.

சைக்கிளைப் பற்றி: மலைச் சைக்கிள். தடித்த டயர், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு. பொங்கல் கழிந்த மறுவாரம் கேட்காமல் கொள்ளாமல் வாங்கி வந்தார். ஐம்பத்திரண்டு வயதில், நூல் மில்லில் கணக்கு எழுதுகிறவருக்கு, மலைச் சைக்கிள். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். இந்த மனிதர் சும்மா ஒரு ரப்பர் பேண்டுகூட வாங்கியதில்லை.

இந்த மாதம் 29ஆம் தேதி இவருடைய நண்பர் சபாபதியின் குழு கோத்தகிரிக்குச் சைக்கிளில் போகிறது. மேட்டுப்பாளையத்தில் தொடங்கி மேலே ஏறி, அதே சாலையில் இறங்குவது. இவர் பெயர் கொடுத்துவிட்டார். அந்த வளைவுகளில் செயின் கழன்றால் ஒரு முழம் மிச்சம் இருக்காது. அதற்குள் சரியாக வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

சிறுவாணித் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பிவிட்டு, மாடிப்படிக்குக் கீழே கயிறு கட்டிச் சைக்கிளைத் தொங்கவிட்டேன்.

முன்பக்கம் செயின் சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கும்போது நிற்காமல் உள்ளே விழுகிறது. அதற்கு மேல் போகாதே என்று தடுக்க ஒரு சின்ன ஸ்குரூ உண்டு. அது தளர்ந்திருந்தது. கால் சுற்று முறுக்கினேன். ஐம்பது தடவை மாற்றி மாற்றிப் போட்டேன், ஒரு தடவையும் விழவில்லை.

காரணம் தெரிந்தது, சரி செய்தாயிற்று. டைரிக்கு ஒரு நாள் வேலைதான்.

ஜூன் 5, வியாழன்

தவறாகச் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் பாதி மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். இந்த முறை பின்பக்கம். கியரைக் குறைக்கப் பார்த்தால் செயின் அடுத்த பல்சக்கரத்தில் ஏறுவது போல ஏறி, உட்காராமல் கடகடவென்று அடித்து, திரும்பக் குதித்து, கடைசியில் முன்னாலும் கழன்று தொங்குகிறது.

"சமதரையில ஒண்ணும் பண்றதில்லை. மேட்டுலதான் இந்தச் சேட்டையெல்லாம்," என்றார்.

கியர் கேபிள் புதிதில் கொஞ்சம் நீளும். லீவரைத் தள்ளினாலும் முழு இழுப்பு பின்னால் போய்ச் சேராது. இழுவையைக் கூட்டினேன். தொங்கவிட்டுப் பார்த்தேன். எட்டிலும் வெண்ணெய் மாதிரி ஏறி இறங்குகிறது.

பையன்களுக்கு நான் முதல் வகுப்பிலேயே சொல்வது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் எது சரி செய்தது என்று உனக்கே தெரியாது. இன்றைக்குக் கேபிள் மட்டும்தான்.

வங்கியில் இவருடைய காசோலை திரும்பியிருக்கிறது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். "இருவத்தஞ்சு வருசமாப் போடற கையெழுத்து, இவனுக கண்ணுல என்ன வெச்சிருக்கறானுக," என்று குதித்தார். எனக்கும் அவர்கள் மேல் கோபம்தான்.

ஜூன் 8, ஞாயிறு

நானே ஓட்டிப் பார்த்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு, விடிந்தும் விடியாமலும் கிளம்பினேன். தெருமுனைப் பால் பூத் பெண்மணி "டீச்சர், உங்க வண்டி என்னாச்சுங்க?" என்று பாவப்பட்டுக் கேட்டாள். ஸ்கூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

அவர் விழுந்த அதே ஏற்றம். எல்லா கியரையும் மாற்றினேன். மூச்சு வாங்கியதே தவிர, செயின் ஒரு சத்தம் போடவில்லை.

இறங்கி வந்து சைக்கிளை இவரிடம் கொடுத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறினார். வளைவைத் தாண்டி மறைந்தார். கொஞ்ச நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். செயின் தொங்கிக்கொண்டிருந்தது.

"உன்னயக் கண்டாப் பயப்படுது போல. வாத்தியாரம்மா இல்லையா," என்றார்.

சிரித்தேன். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. இயந்திரம் ஆள் பார்த்து வேலை செய்யாது.

ஜூன் 11, புதன்

டீரெய்லர் என்பது பின்னால் செயினைத் தள்ளும் கை. அதைச் சட்டத்தோடு பிடித்திருப்பது ஹேங்கர் என்கிற ஒரு சின்ன அலுமினியத் துண்டு. சைக்கிள் வலது பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். விழுந்தாரே, வளைந்திருக்குமோ என்று ஒரு கம்பியை வைத்துச் சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நேராக இருக்கிறது. செயினும் நீளவில்லை. பற்கள் தேயவில்லை.

மாங்காய் ஊறுகாய் ஜாடி மூடி இறுகிவிட்டது. இவரிடம் நீட்டினேன். "நீயே தெற, எனக்குப் போன் வருது," என்று எழுந்து போனார். போன் வரவில்லை.

ஜூன் 14, சனி

சண்டை.

சைக்கிளில் இனிப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. அதனால் ஓட்டும் முறையைப் பற்றிச் சொன்னேன். முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே கியரை மாற்றக் கூடாது. காலை ஒரு நொடி லேசாக்கிவிட்டு, லீவரைக் கடைசிவரை ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். பாதியில் விட்டால் செயின் இரண்டு பற்களுக்கு நடுவில் நிற்கும், பிறகு குதிக்கும். இதைச் சொன்ன விதம் கொஞ்சம் வகுப்பறை மாதிரி இருந்திருக்கலாம்.

"கடைசிவரைக்கும்தான் தள்றேன்."

"தள்ளியிருந்தா ஏறியிருக்கோணுமேங்க."

"அப்ப சைக்கிள்ல குத்தமில்லை, எம்மேலதான் குத்தம். அப்படித்தான?"

"வேற யாரு மேலங்க? சைக்கிளும் நீங்களும் ரெண்டு பேருதான இருக்கறீங்க."

உப்புமாத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். ஸ்பூன் தட்டிலேயே கிடந்தது. இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் ஸ்பூன்தான். மில்லில் புதிதாக வந்த மேனேஜரைப் பார்த்துப் பழகியிருப்பார்.

ஜூன் 15, ஞாயிறு

பேச்சு இல்லை. துணி துவைத்தேன். இவர் துணியில் ஒரு சட்டைகூட இல்லை, எல்லாம் தலைவழியாகப் போடும் பனியன் டி-ஷர்ட்டுகள். வேலை மிச்சம், பித்தான் தைக்க வேண்டியதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மாலை இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, தெரியாமல் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். பணிமனையில் லேத்து பிழை செய்தால், பையனை அறியாமல் பின்னால் நின்று பார்ப்பேன். அதே முறைதான்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு புளியமரம். அதன் ஓரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். சாலை அங்கிருந்து வளைந்து மேலே போவது முழுதாகத் தெரியும்.

பின் கியரை மாற்றும் லீவர் வலது கைப்பிடியில், கட்டைவிரலுக்கு நேராக இருக்கிறது. இவர் கட்டைவிரலால் தள்ளினார். செயின் கடகடத்தது. மறுபடி தள்ளினார். பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடித்தார். அப்புறம், மிதித்துக்கொண்டே, இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, குறுக்கே நீட்டி, வலப்பக்க லீவரை இடது கட்டைவிரலால் தள்ளினார். சைக்கிள் சாலையின் நடுவுக்கு ஆடியது. எதிரில் ஒரு மினி லாரி வந்துகொண்டிருந்தது.

செயின் பல்லில் ஏறி உட்கார்ந்தது. லாரி ஒலி எழுப்பிக்கொண்டே ஒதுங்கிப் போனது.

இடது கையால் வலது லீவரைத் தள்ளுவது வழக்கமான முறை அல்ல. அதைக் குறித்துக்கொள்கிறேன்.

அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்து, ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். எப்படி இருந்தது என்று கேட்டேன். "இன்னிக்குப் பரவாயில்லை," என்றார்.

ஜூன் 18, புதன்

லீவர் இறுக்கமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இறுக்கமாக இல்லை. ஆனாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 21, சனி

கேபிளைப் புதிதாக மாற்றினேன். உறைக்குள் எண்ணெய் விட்டேன். முந்தாநாள் பணிமனையில் ஒரு அலுமினியப் பட்டையை வெட்டி, ஓரம் ராவி, வளைத்து எடுத்து வந்திருந்தேன். அதை லீவரின் மேல் இரண்டு திருகால் பொருத்தினேன். லீவர் இப்போது விரலளவு நீண்டுவிட்டது. பிடி நீளமானால் தள்ளப் பாதி பலம் போதும். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றிவிட்டேன் என்று தெரியும். எது சரி செய்தாலும் எனக்குச் சம்மதம்.

"இது என்ன, பல்லு குத்தறதா?" என்றார்.

"லீவர் நீளங்க. கட்டவிரலு வேண்டாம், கையோட பக்கவாட்டுலயே தள்ளலாம்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஏறிவிட்டார்! மருதமலைக் கோயில் படிக்கட்டு வரைக்கும் ஒரு தடவைகூடச் செயின் கழலவில்லையாம். மலையிலிருந்து பஞ்சாமிர்தம் வாங்கி வந்தார். தெருவெல்லாம் கேட்கும்படி மணியடித்துக்கொண்டே கேட்டுக்குள் நுழைந்தார்.

"வாணி, நீ சரி பண்ணிப்போட்டெ!"

புனேயில் இருக்கும் மகள் தாரணிக்குப் போன் போட்டு, "உங்கம்மா இஞ்ஜினியருக்கெல்லாம் இஞ்ஜினியர்டா," என்று பத்து நிமிடம் பேசினார். நான் பக்கத்தில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கை காட்டினேன். உண்மையில் வேண்டும் என்றுதான் இருந்தது. அவ்வளவு கர்வமாக இருந்தது எனக்கு.

ஜூன் 25, புதன்

கோத்தகிரிக்கு முன் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தொங்கவிட்டேன். கியர் சரி. டயர் சரி. பிரேக்.

இவரும் பக்கத்தில் நின்றார். முன் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு, "பிரேக்கைப் புடிங்க," என்றேன். இந்தச் சைக்கிளில் முன் பிரேக் வலது கையில்.

பிடித்தார். சக்கரம் மெதுவானது. நிற்கவில்லை. உராய்ந்துகொண்டே சுற்றி, தானாக ஓய்ந்து நின்றது.

"இன்னொருக்கா புடிங்க."

பிடித்தார். அதேதான். கழுத்து நரம்பு புடைத்தது. லீவர் பாதிக்கு மேல் வரவில்லை.

நான் இரண்டு விரலால் பிடித்தேன். சக்கரம் டக்கென்று நின்றது.

"பிரேக் கட்டை புதுசு, பழகோணும்," என்றார். ஆமாம் என்றேன். பிரேக் கட்டையை யாரும் மாற்றவில்லை.

இவ்வளவு நாளும் ஏறுவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கோத்தகிரியிலிருந்து இறங்கவும் வேண்டும். மேலே போக முடியாமல் செயின் இவரைப் பாதி வழியில் நிறுத்திக்கொண்டிருந்தது. நான்தான் அதைச் சரி செய்து, உச்சிவரை போக வழி பண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை குழிந்திருக்கிறது. இடது கையில் அப்படி இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையைப் பேப்பருக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கேட்டுவிட்டேன். "கைக்கு என்னங்க ஆச்சு?"

"என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை."

"டாக்டருகிட்ட ஒருக்காக் காட்டலாமுங்க."

"கோத்தகிரி போயிட்டு வந்து பாக்கலாம்."

"கோத்தகிரி எறக்கத்துல பிரேக் புடிக்காதுங்க."

"புடிக்கும். நேத்துப் புடிச்சனே."

"நிக்கலைங்களே."

"வாணி," என்றார். சத்தமாகக்கூட இல்லை. "ஒரே ஒரு தடவை. போயிட்டு வந்தர்றேன். அப்பறம் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

முப்பது வருடத்தில் என்னிடம் எதையும் அவர் இப்படிக் கேட்டதில்லை. சரி என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. பேருந்துக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார்.

ஜூன் 27, வெள்ளி

பிரேக் லீவரையும் நீட்டலாம் என்று யோசித்தேன். வகுப்பில் உட்கார்ந்து வரைந்துகூடப் பார்த்தேன். அளவு சரியாக வந்தது. பிறகு காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். நீட்டிக்கொண்டே போகலாம். கையில் பலம் அதற்கும் மேல் குறைந்துகொண்டே போகும்.

பையன்கள் ஏதோ கேட்டார்கள். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூன் 28, சனி

கடைசிப் பரிசோதனைக்குத் தொங்கவிட்டேன். ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. பெரிய பல்சக்கரத்துக்குப் போட்டால் டீரெய்லர் சக்கரக் கம்பியில் இடிக்கிறது. செயின் எதிலும் நிற்கவில்லை. உதிரி ஹேங்கர் திங்களன்றுதான் கிடைக்கும். காரணம் தெரியவில்லை. நாளைக்கு இந்தச் சைக்கிள் மலையேறாது.

மாலை:

ஐந்து மணிக்கு மில்லிலிருந்து வந்தார். சைக்கிள்களை ஏற்றிக்கொள்ள சபாபதியின் வேன் ஆறு மணிக்கு வருவதாக ஏற்பாடு. விஷயத்தைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். நகத்தால் ஹேங்கரைத் தடவினார்.

"ஸ்பேனர் வாய் பதிஞ்சிருக்குது."

"அப்படீங்களா."

"இங்க பாரு. ரெண்டு பக்கமும் பதிஞ்சிருக்குது. விழுந்தா இப்படிப் பதியாது."

நான் கழிவுத் துணியில் கையைத் துடைத்தேன். கையில் கிரீஸ் இல்லை.

"நீ பண்ணுனதா?"

"ஆமாங்க."

மேலே 'காரணம் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தலுக்கு மதிப்பெண் குறைக்கிறவள் நான். அது அப்படியே இருக்கட்டும்.

"ஒரு மிஷினையும் கெடுக்காதவ. பையன் ஒருத்தன் ஸ்குரூ மரையைக் கெடுத்தான்னு மூணு நாள் சோறு எறங்காம இருந்தவ," என்றார். "இதப் போய் வளைச்சிருக்கற."

"சுளுவா வளையுதுங்க," என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. "நான் அன்னிக்கு மரத்துக்கடியில நின்னு பாத்தனுங்க. எடது கையில கியரு போட்டீங்க. லாரி வந்துச்சு. நீங்க சாகறதப் பாக்க எனக்குத் தெம்பில்லைங்க."

அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சபாபதி. வேன் கிளம்பிவிட்டது, சைக்கிளைத் தயாராக வையுங்கள் என்று சொல்லியிருப்பார்.

நான் இதையும் யோசித்து வைத்திருந்தேன். "ஹேங்கர் வளைஞ்சிருச்சுன்னு சொல்லீருங்க," என்றேன். "பொய்யில்லைங்க. வளைஞ்சுதான் இருக்குது. வேற யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்."

அதற்காகத்தான் சைக்கிளை வளைத்ததே. பழி சைக்கிளோடு போகட்டும் என்றுதான்.

அவர் போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சபாபதி, நான் வரலைப்பா." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். இவர் சைக்கிளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "இல்லப்பா. சைக்கிளுக்கு ஒண்ணுமில்லை. சைக்கிள் ஆரம்பத்துல இருந்தே நல்லாத்தான் இருக்குது. கைதான். வலது கை. புடிக்கவே மாட்டேங்குது."

இவர் போனை வைத்தார். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். களைந்ததையே மறுபடி களைந்துகொண்டிருந்தேன். அவரும் வந்து சமையலறை வாசலில் நின்றார். இரண்டு பேரும் அழுதோம்.

ஜூன் 29, ஞாயிறு

மழை. ஹேங்கரை நிமிர்த்தப் பார்த்தேன். உடைந்துவிட்டது. அலுமினியம் ஒரு தடவை வளையும், இரண்டாம் தடவை உடையும். தெரிந்துதான் செய்தேன்.

அவர் எட்டு மணிவரை தூங்கினார்.

ஜூலை 3, வியாழன்

கல்லூரிக்கு லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நரம்பு டாக்டர், சின்னப் பெண். தாரணியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இவருடைய இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். இழுத்தார். தாள் கிழிந்ததே தவிர வரவில்லை.

இன்னொரு தாளை வலது கையில் வைத்தார். "நல்லா இறுக்கிப் பிடிங்க சார்." இழுத்தார். தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"இன்னொரு தடவைங்க டாக்டர்," என்றார் இவர். பள்ளிக்கூடப் பையன் கேட்பது போலக் கேட்டார். டாக்டரும் மறுக்கவில்லை. மறுபடியும் வந்துவிட்டது.

கையில் ஊசி குத்தி மின்சாரம் விட்டுப் பார்க்கும் சோதனை ஒரு மணி நேரம் நடந்தது. முழங்கை மடிப்பில் நரம்பு அழுந்திக் கிடக்கிறதாம். அறுவை செய்து அதை விடுவிக்கலாம். இதற்கு மேல் மோசமாகாமல் நிறுத்தலாம். இதுவரை போன பலத்தில் எவ்வளவு திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம்.

"எப்ப இருந்து இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "ஒரு மாசமாங்க. சைக்கிள்ல செயின் கழல ஆரம்பிச்சதுல இருந்து."

இவர் தலையை ஆட்டினார். "இல்லீங்க டாக்டர். தீபாவளிக்கு முந்தியே இருக்குதுங்க. பட்டாசுத் திரி கிள்ள முடியிலை. அப்பத்தான் மொதல்ல தெரிஞ்சுது."

சைக்கிள் வந்தது பொங்கலுக்குப் பிறகு. டாக்டருக்கு அது தெரியாது. அவர் எழுதிக்கொண்டார். முன்னாடியே வந்திருக்கலாமே சார் என்றார், அவ்வளவுதான்.

அறுவைக்கு அடுத்த வாரம் நாள் கொடுத்திருக்கிறார்கள். வெளியே வந்து ஸ்கூட்டர் நிறுத்தத்தில் நின்றோம். வெயில் அடித்தது. அவர் ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பட்டையை மாட்டத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை?" என்றேன். "கை போகறதுக்குள்ள மலையேறிப் பாத்தரோணும்னு சைக்கிள் வாங்கத் தெரிஞ்சுது. எங்கிட்டச் சொல்லத் தெரியிலையா?"

பட்டையை விட்டுவிட்டார்.

"சொன்னா நீ சரி பண்ணப் பாப்பெ. விட மாட்டே. ராத்திரி பகலாப் பாப்பெ. கடைசில உன்னால முடியிலைன்னு ஆயிட்டா, அப்ப உன்ற மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது, சொல்லு."

நான் பட்டையைப் பிடித்து மாட்டிவிட்டேன்.

"இதுல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றேன். "நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். கூட மட்டும் இருக்கறேன்."

"அது போதும்," என்றார்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். வடவள்ளியில் வீடு வருகிறவரை அவர் வலது கையை என் தோளில் வைத்திருந்தார். பிடி லேசாகத்தான் இருந்தது.